கமிட்டுக்கும் கமிட்டுக்கும் நடுவே

ஈமேக்ஸ் எடிட்டரில் ஒரு கோப்பைத் திறந்து நாலு எழுத்தை மாற்றிச் சேமித்தால், அதன் பழைய வடிவம் அதே கோப்புறையில், பெயரின் வாலில் ~ குறியோடு வந்து உட்கார்ந்துவிடும். யாரும் கேட்காமலே நடக்கிற காரியம். ஆனால் அந்தக் கோப்பு கிட் போன்ற பதிப்புக் கட்டுப்பாட்டுக்குள் இருந்தால் ஈமேக்ஸ் நகல் எடுப்பதில்லை. எடுக்கவில்லை என்று சொல்வதும் இல்லை. அதுதான் பதிப்புக் கட்டுப்பாடு இருக்கிறதே, பார்த்துக்கொள்ளாதா என்பது அதன் கணக்கு. 1990களின் தொடக்கத்தில் போட்ட கணக்கு. இன்றுவரை மாறவில்லை.

அந்தக் கணக்கு இன்றைக்கும் செல்லுமா? எடிட்டர் தானாக எடுக்கும் நகலும் கிட் வைத்திருக்கும் வரலாறும் ஒன்றுக்கு மற்றொன்று ஈடாகுமா? இந்தக் கேள்வியை நான் எடுத்துக்கொண்டதற்குச் சொந்தக் காரணம் ஒன்று உண்டு.

புனேயில் வியாழக்கிழமை என்றால் பராமரிப்பு வேலைக்காக மின்சாரத்தை நிறுத்தும் நாள். குடியிருப்புச் சங்கத்தின் அறிவிப்புப் பலகையில் காலையிலேயே ஒட்டிவிடுவார்கள். அப்படிப்பட்ட ஒரு வியாழனில் ஒரு கட்டற்ற மென்பொருளின் தமிழ் மொழிபெயர்ப்புக் கோப்பில் உட்கார்ந்திருந்தேன். இன்வெர்ட்டரை நம்ப முடியாது, மடிக்கணினியின் பேட்டரியும் பழசு. எனவே இரண்டு வரிக்கு ஒருமுறை சேமித்துக்கொண்டே போனேன். மதியம் முழுக்க அந்த வேலை. மின்சாரம் கடைசிவரை போகவில்லை. சாயங்காலம் வேறொரு கோப்பில் செய்த தவறான மாற்றத்தைக் கழிக்கலாம் என்று கிட்டில் 'ரீசெட் ஹார்ட்' கட்டளையைத் தட்டினேன். கழிந்தது அந்த ஒரு கோப்பு மட்டுமல்ல, மதியம் முழுக்கச் செய்த மொழிபெயர்ப்பும்தான். சரி, ~ கோப்பு இருக்குமே என்று தேடினால், அந்தக் கோப்புறையில் அப்படி எதுவும் இல்லை. பத்து வருடம் ஈமேக்ஸ் பயன்படுத்தியவனுக்கு அன்றுதான் தெரிந்தது, கிட்டுக்குள் இருக்கும் கோப்புக்கு அது நகல் எடுப்பதே இல்லை என்று.

தவறு என்னுடையதுதான். ஆனாலும் இந்த ஏற்பாட்டைத் திட்டுவதற்குமுன் அது பிறந்த காலத்தைப் பார்க்க வேண்டும்.

ஈமேக்ஸ் 1976-ல் எம்ஐடியில் ஐடிஎஸ் என்ற இயங்குதளத்தில் பிறந்தது. அங்கே கோப்புக்கே பதிப்பு எண் உண்டு. சேமிக்கும்போது எண் ஒன்று கூடும், பழையது அப்படியே இருக்கும். டிஜிட்டல் கம்பெனியின் விஎம்எஸ் தளத்திலும் இதே ஏற்பாடுதான். பெயருக்குப் பின்னால் அரைப்புள்ளி போட்டு எண் வரும். வட்டு நிரம்பினால் 'பர்ஜ்' என்று கட்டளை கொடுத்துப் பழையவற்றைக் கழிப்பார்கள். யூனிக்ஸில் இந்தப் பேச்சே இல்லை. சேமித்தால் பழையது போனது போனதுதான். 1980களின் நடுவில் குனு ஈமேக்ஸ் யூனிக்ஸில் நிலைகொண்டபோது, இயங்குதளம் தராததை எடிட்டர் தன் கையால் செய்துகொண்டது. ~ குறி போட்ட கோப்பு வந்த வழி இது. ஒன்றுக்குப் பதில் எண்ணிட்ட பல நகல்கள் வேண்டுமானால் அதற்கும் ஈமேக்ஸில் ஓர் அமைப்பு உண்டு. அதன் பெயர் 'வெர்ஷன்-கண்ட்ரோல்'. கிட்டுக்கும் அதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. கிட் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே வைத்த பெயர். இப்போது அதைப் பார்த்துக் குழம்பாத புதியவர் யாரும் இல்லை.

பதிப்புக் கட்டுப்பாடு தனிப் பாதையில் வந்தது. 1972-ல் பெல் ஆய்வுக்கூடத்தில் மார்க் ராச்கைண்ட் எஸ்சிசிஎஸ் எழுதினார். 1980களின் தொடக்கத்தில் பர்டூ பல்கலைக்கழகத்தில் வால்டர் டிக்கி ஆர்சிஎஸ் எழுதினார். இரண்டிலும் வேலை நடப்பது நூலகத்தில் புத்தகம் எடுப்பது மாதிரி. ஒரு கோப்பைப் பெயர் பதிந்து எடுக்க வேண்டும், நாம் வைத்திருக்கும்வரை அது பூட்டப்பட்டிருக்கும், திருத்தி முடித்தபின் திருப்பிக் கொடுக்க வேண்டும். எடுப்பதும் கொடுப்பதும் ஒவ்வொரு கோப்பாக. 1992-ல் எரிக் ரேமண்ட் ஈமேக்ஸுக்காக எழுதிய விசி என்ற பகுதி இந்தக் கொடுக்கல் வாங்கலை ஒரே விசைச் சேர்க்கைக்குள் அடக்கியது. அடிக்கடி கொடுப்பார்கள், அடிக்கடி எடுப்பார்கள். அதற்கு மேல் ~ நகல் ஒன்று கோப்புறையை அடைத்துக்கொண்டு கிடப்பானேன்? அந்தப் பழக்கத்துக்கு அந்தக் கணக்கு சரி.

பழக்கம் மாறியது 2005 ஏப்ரலுக்குப் பிறகு, கிட் வந்தபின். கமிட்டை, அதாவது மாற்றத்தை வரலாற்றில் பதிவதை, எத்தனை வேகமாகச் செய்ய முடியுமோ அத்தனை தாமதமாகச் செய்யும் வழக்கம் வந்துவிட்டது. காரணம் தொழில்நுட்பமல்ல. கமிட்டை மற்றவர்கள் படிக்கிறார்கள். செய்தி ஒழுங்காக இருக்க வேண்டும், சோதனைகள் தேற வேண்டும், ஒரு கமிட்டில் ஒரு விஷயம்தான் இருக்க வேண்டும், அரைகுறையாக எதுவும் போகக்கூடாது. புனேயின் மென்பொருள் வட்டாரங்களான ஹிஞ்சவடியிலும் கராடியிலும் உள்ள எந்தக் குழுவைக் கேட்டாலும் இந்த விதிகளைச் சொல்வார்கள். ஆர்சிஎஸ் காலத்தில் கமிட் என்பது சேமிப்புக்கு அடுத்த படி. இன்றைக்கு அது அச்சுக்குப் போகும் படிவம். அச்சுக்குப் போகும்முன் மேசையில் கிடந்த தாள்களை யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்விக்கு ஈமேக்ஸின் பழைய கணக்கில் இடமில்லை.

கிட் எதைக் காக்கிறது என்பதிலும் பலருக்கு மயக்கம் உண்டு. கமிட் ஆனதை அது சுலபத்தில் தொலைக்காது. கிளையை அழித்தாலும் ரெஃப்லாக் என்ற குறிப்பேட்டில் தடம் இருக்கும். இயல்பாக 90 நாள், எந்தக் கிளையிலிருந்தும் எட்ட முடியாத கமிட்டுகளின் தடமானால் 30 நாள். கமிட் செய்யாமல் அதற்கு முந்தைய படியான 'ஆட்' மட்டும் செய்திருந்தாலும் உள்ளடக்கம் கிட்டின் கிடங்குக்குள் போயிருக்கும். பெயர் தெரியாமல் கிடக்கும் அந்தத் துண்டுகளை 'எஃப்எஸ்சிகே' கட்டளையால் தோண்டி எடுத்தவர்கள் உண்டு. ஆட் செய்யாத மாற்றம் மட்டும் கிட்டுக்குத் தெரியவே தெரியாது. 'ரீசெட் ஹார்ட்', 'ரிஸ்டோர்', கட்டாயக் கொடியோடு கொடுத்த 'கிளீன்' ஆகிய மூன்றும் அதைக் கேள்வி கேட்காமல் அழிக்கும், அழிந்த மாற்றத்தின் தடம் ரெஃப்லாக்கில் இருக்காது. புனேயின் பழைய பேட்டைகளில் மதியம் ஒரு மணிக்கு ஷட்டர் இறங்கினால் நாலு மணிக்குத்தான் ஏறும் என்று ஊரே கேலி பேசும். பழைய புனேக்காரர்கள் அதைப் பெருமையாகவே சொல்வார்கள். கிட்டும் அப்படி ஒரு கடை. கமிட் செய்யும் கணத்தில் திறந்திருக்கும், மற்ற நேரமெல்லாம் பூட்டு. நாம் வேலை செய்வதோ மற்ற நேரத்தில்.

சரி, ஈமேக்ஸில் அந்த அமைப்பை மாற்றிவிட்டால் போயிற்று என்று தோன்றும். 'விசி-மேக்-பேக்கப்-ஃபைல்ஸ்' என்ற மாறியை 'ஆம்' என்று வைக்க வேண்டும், ஒரே வரி. நானும் அன்றிரவு அதைத்தான் செய்தேன். அது போதாது என்று புரியச் சில வாரம் பிடித்தது.

ஈமேக்ஸ் எடுக்கும் நகல் எப்போது எடுக்கப்படுகிறது, எதை எடுக்கிறது என்று கவனிக்க வேண்டும். ஒரு கோப்பைத் திறந்தபின் முதல் முறை சேமிக்கும்போது மட்டுமே அது நகல் எடுக்கும். எடுப்பதோ சேமிப்புக்கு முந்தைய உள்ளடக்கத்தை. இரண்டாவது, மூன்றாவது, ஐம்பதாவது சேமிப்புகளுக்கு நகல் கிடையாது. கோப்பை மூடித் திறந்தால்தான் அடுத்தது. இதைக் கிட்டோடு சேர்த்துப் பாருங்கள். காலையில் கமிட் செய்து முடித்த கோப்பைத் திறக்கிறோம், திருத்துகிறோம், முதல் முறை சேமிக்கிறோம். ஈமேக்ஸ் எடுத்து வைக்கும் நகல் எது? காலையில் கமிட் செய்த அதே வடிவம். கிட்டிடம் ஏற்கெனவே இருப்பது! மதியம் முழுக்க நாம் செய்த வேலைக்கு நகலே இல்லை. போதாததற்கு, ஈமேக்ஸைப் பின்னணியில் வாரக்கணக்கில் ஓடவிட்டுக் கோப்புகளை மூடாமல் வைத்திருப்பவர்கள் நிறைய. அவர்களிடம் இருக்கும் ~ கோப்பு போன மாதத்தியதாக இருக்கும்.

ஆக, அன்றைக்கு அந்த அமைப்பைப் போட்டிருந்தாலும் என் மதியம் திரும்பியிருக்காது. 'நகல் வேண்டாம், கிட் இருக்கிறது' என்பவர்களும் 'நகலைப் போட்டு வை' என்பவர்களும் மோதிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். இரு தரப்பும் இந்த விவரத்தைத் தாண்டிப் போய்விடுகின்றன. ஈமேக்ஸின் இயல்பான நகல் கிட்டுக்குள் இருக்கும் கோப்புக்கு உண்மையிலேயே பெரும்பாலும் வீண். அதை அணைத்து வைத்தவர்கள் முட்டாள்களல்ல. பயன் இருப்பது ஒவ்வொரு சேமிப்புக்கும் எடுக்கும் நகலில்தான், அதை ஈமேக்ஸ் தானாகத் தருவதில்லை.

புனேயின் லா காலேஜ் ரோட்டில் இருக்கும் பண்டார்கர் கீழைத்தேய ஆய்வு நிறுவனத்தை இங்கே இழுப்பது சிலருக்கு வலிந்து செய்ததாகப் படலாம். ஆனால் பதிப்புகளை ஒப்பிடுவது என்றால் என்ன என்று இந்த ஊர் கணினிக்கு முன்பே கற்றுக்கொண்டது அங்கேதான். 1917-ல் தொடங்கிய நிறுவனம். 1919-ல் மகாபாரதத்தின் ஆய்வுப் பதிப்பைக் கையிலெடுத்தது, 1966-ல் முடித்தது. 1,259 சுவடிகளும் கையெழுத்துப் பிரதிகளும் ஒப்பிடப்பட்டன. 1925-ல் தலைமைப் பதிப்பாசிரியரான வி. எஸ். சுக்தங்கர் வகுத்த முறை, ஒரு நிரலர் பார்த்தால் உடனே அடையாளம் காணும் முறை. கட்டம் போட்ட தாளின் மேல் வரியில் ஒரு செய்யுளை எழுத்தெழுத்தாக எழுத வேண்டும். கீழே ஒவ்வொரு பிரதிக்கும் ஒரு வரி. எந்த எழுத்தில் வேறுபாடோ அந்தக் கட்டத்தில் மட்டும் குறிக்க வேண்டும். கிட்டின் 'டிஃப்' கட்டளை திரையில் காட்டுவதைக் கையால் செய்தார்கள். புனேயில் மட்டுமல்ல, சாந்திநிகேதனிலும் நம் தஞ்சாவூர் சரசுவதி மகாலிலும் ஒப்பீட்டு வேலை நடந்தது. கிரந்தத்திலும் மலையாளத்திலும் எழுதிய தென்னாட்டுப் பிரதிகளைப் படிக்கத் தெற்கே ஆள் இருந்தார்கள்.

மூலமாக ஏற்காத பாடங்களை அவர்கள் எறியவில்லை. பக்கத்தின் கீழே சிறு எழுத்தில் எல்லாம் இருக்கிறது, எந்தப் பிரதியில் எது என்ற குறியோடு. கமிட் வரலாற்றுக்கு இதைவிட நல்ல உதாரணம் தேட வேண்டியதில்லை. ஆனால் அந்த 1,259 பிரதிகளிலும் இல்லாத ஒன்று உண்டு: எழுதியவர் எழுதும்போது கிறுக்கி, மாற்றி, கழித்துப் போட்டது. எழுதி முடித்து ஒருவர் கைக்குக் கொடுத்த ஏடுதான் நமக்கு வந்திருக்கிறது. எவ்வளவு பெரிய ஒப்பீட்டு எந்திரத்தை வைத்தாலும் கையைவிட்டுப் போகாததை அது ஒப்பிட முடியாது. கிட்டின் வரம்பும் இதுவேதான். நாம் ஒப்படைத்ததை அது நூற்றாண்டுக்குக் காக்கும். ஒப்படைக்குமுன் நடந்ததைக் காக்க வேண்டியது எடிட்டர்.

ஒப்படைக்குமுன் நடந்ததை மற்ற எடிட்டர்கள் எப்படிக் காக்கின்றன?

விம் எடிட்டரில் வழக்கம் தலைகீழ். நிரந்தர நகல் எடுப்பதை அது இயல்பாகவே அணைத்து வைத்திருக்கிறது. எழுதும் கணத்தில் மட்டும் ஒரு தற்காலிக நகல் எடுத்து, எழுதி முடிந்ததும் அழித்துவிடும். வட்டு பாதியில் நிரம்பினால் இரண்டும் போகாமல் இருப்பதற்கு. இதற்கும் கிட்டுக்கும் சம்பந்தமில்லை, எல்லாக் கோப்புக்கும் ஒரே சட்டம். 'பேக்கப்' அமைப்பைப் போட்டால் ஒவ்வொரு சேமிப்புக்கும் ~ நகல் எடுக்கும், முந்தையதை அழித்து ஒன்றே ஒன்றை வைத்துக்கொள்ளும். விம்மின் உண்மையான பலம் வேறு இடத்தில் இருக்கிறது. 2010-ல் வந்த 7.3 பதிப்பு முதல், செய்த மாற்றங்களின் முழு மரத்தையும் ஒரு கோப்பில் எழுதி வைக்க முடியும். கணினியை அணைத்து மறுநாள் வந்தும் 'பத்து நிமிடத்துக்கு முந்தைய நிலை' என்று கேட்கலாம். அழகான வசதி, ஆனால் என் வியாழக்கிழமைக்கு உதவியிருக்காது. விம்மை மூடியபின் கிட் கோப்பை மாற்றிவிட்டால், உள்ளடக்கம் பொருந்தவில்லை என்று சொல்லி விம் அந்த மரத்தை ஏற்க மறுத்துவிடும். ரீசெட் செய்த கோப்புக்கு மரம் இருக்கும், ஏற முடியாது.

தானியங்கிச் சேமிப்பு என்பது இந்த நகல்களிலிருந்து வேறான பிராணி, இரண்டையும் குழப்பிக்கொள்ளக்கூடாது. ஈமேக்ஸ் 300 விசைத் தட்டல்களுக்கு ஒருமுறை, அல்லது கை ஓய்ந்து 30 வினாடி ஆனால், இரு பக்கமும் # போட்ட ஒரு கோப்பில் எழுதி வைக்கும். விம்மின் ஸ்வாப் கோப்பு 200 எழுத்துக்கு அல்லது 4 வினாடி ஓய்வுக்கு ஒருமுறை எழுதும். கோப்பு கிட்டுக்குள் இருந்தாலும் இவை வேலை செய்யும். மின்சாரம் போனால் கைகொடுப்பவை இவைதான். ஆனால் நாம் சேமித்த மறுகணம் ஈமேக்ஸ் அந்த # கோப்பை அழித்துவிடும், ஏனென்றால் அதன் கடமை அத்தோடு முடிந்தது. நிமிடத்துக்கு இருமுறை சேமித்த நான் நிமிடத்துக்கு இருமுறை அதை அழித்துக்கொண்டிருந்தேன்.

விஎஸ் கோட் கதை இன்னும் சுவையானது. 2017-ல் அதைப் புதிதாகப் பயன்படுத்திய ஒருவர், திரையில் கண்ட 'எல்லா மாற்றங்களையும் கைவிடு' என்ற பொத்தானை அழுத்தினார். அவர் கோப்புகள் எதுவும் அதுவரை கமிட் ஆனதில்லை. ஆயிரக்கணக்கான கோப்புகள், மூன்று மாத வேலை, மறுசுழற்சித் தொட்டியில்கூட இல்லாமல் போனது. அவருடைய கோபத்தை உலகமே படித்தது, பாதிப் பேர் சிரித்தார்கள், மீதிப் பேர் அறிவுரை சொன்னார்கள். நான் அந்தப் பாதிகள் இரண்டிலும் இல்லை. அதன்பின் எச்சரிக்கை வாசகத்தைக் கடுமையாக்கினார்கள். 2022 மார்ச் பதிப்பில் 'லோக்கல் ஹிஸ்டரி' வந்தது: ஒவ்வொரு சேமிப்புக்கும் ஒரு நகல், ஒரு கோப்புக்கு 50 வரை, திட்டக் கோப்புறைக்கு வெளியே பயனரின் சொந்த இடத்தில். 256 கேபிக்கு மேற்பட்ட கோப்புகளை மட்டும் தொடாது. ஜெட்பிரெயின்ஸ் எடிட்டர்களில் இதே பெயரில் இதே வசதி அதற்கு வெகுமுன்பே உண்டு. இயல்பாக ஐந்து வேலைநாள் வைத்திருக்கும்.

இவ்விரண்டும் 'இந்தக் கோப்பு கிட்டில் இருக்கிறதா' என்று கேட்பதே இல்லை. அந்தக் கேள்வியே தேவையற்றது என்று முடிவெடுத்தார்கள். என் கணிப்பில் சரியான முடிவு. கட்டற்ற எடிட்டர்களின் தீவிர அன்பன் நான். ஆனாலும் இந்த ஒரு விஷயத்தில் இயல்பமைப்பைச் சரியாகப் போட்டவர்கள் அவர்கள்தான்.

எதிர்த் தரப்பிலும் நியாயம் உண்டு. திட்டக் கோப்புறைக்குள்ளேயே நகல் எடுப்பதால் வரும் வினைகள் சில்லறையல்ல. கிட்டின் நிலை அறிக்கையில் ~ கோப்புகள் வரிசையாக வந்து கண்ணைக் குத்துவது சின்ன விஷயம், தவிர்க்கும் பட்டியலில் ஒரு வரி சேர்த்தால் தீரும். இணைய வழங்கியில் நேரடியாகத் திருத்துபவர்களுக்கு ஆபத்து இன்னும் பெரிது. பிஎச்பி கோப்பை வழங்கி இயக்கிக் காட்டும், அதே கோப்பின் ~ நகலை வெறும் உரையாக அப்படியே எடுத்துக் கொடுத்துவிடும், தரவுத்தளக் கடவுச்சொல்லோடு.

இவற்றைவிடக் கள்ளத்தனமான ஒரு பொறி இருக்கிறது. கடவுச்சொற்களையும் சாவிகளையும் '.என்வி' என்ற கோப்பில் வைத்து, அதைக் கிட் தவிர்க்க வேண்டிய பட்டியலில் சேர்ப்பது எங்கும் உள்ள வழக்கம். தவிர்க்கப்பட்டதால் அந்தக் கோப்பு கிட்டின் கட்டுப்பாட்டில் இல்லை. கட்டுப்பாட்டில் இல்லாததால் ஈமேக்ஸ் அதற்குச் சமர்த்தாக நகல் எடுக்கும். நகலின் பெயரில் ~ சேர்ந்திருப்பதால் தவிர்ப்புப் பட்டியலில் உள்ள பெயரோடு அது பொருந்தாது. அடுத்த முறை 'எல்லாவற்றையும் ஆட் செய்' என்று சொன்னால் சாவிக்கொத்து களஞ்சியத்துக்குள் போய்விடும். கவனித்தீர்களா, நகல் வேண்டிய மூலக் கோப்புக்கு நகல் இல்லை, நகல் எடுக்கவே கூடாத இடத்தில் எடுத்துவிடுகிறது. 'கிட்டில் இருக்கிறதா' என்ற கேள்வியை அளவுகோலாக வைத்ததன் பலன் இது. கேட்டிருக்க வேண்டிய கேள்வி, நகல் எங்கே போய் விழ வேண்டும் என்பது.

இதையெல்லாம் நிரலர்களின் பிரச்சினை என்று ஒதுக்கிவிட முடியாது. எழுத்துருவும் மொழிபெயர்ப்பும் செய்பவர்களையும் இது தொடும். லினக்ஸ் கணினியில் தமிழ் படித்தவர்கள் பெரும்பாலும் லோஹித் எழுத்துருவைக் கண்டிருப்பார்கள். அது புனே சரக்கு. இந்த ஊரின் மாடுலர் இன்ஃபோடெக் நிறுவனத்திடமிருந்து வந்த எழுத்துருக்களை ரெட் ஹேட் கட்டற்ற உரிமத்தில் வெளியிட்டது. 2011-ல் அவை திறந்த எழுத்துரு உரிமத்துக்கு மாறின. ஹடப்சரின் மகர்பட்டாவில் உள்ள ரெட் ஹேட் அலுவலகம் இந்திய மொழிகளில் லினக்ஸைக் கொண்டுவந்த வேலைகளுக்குப் பல ஆண்டு மையமாக இருந்தது. க்னோம் மேசைத்தளத்தின் மொழிபெயர்ப்புகள் 2009 முதல் கிட்டில் இருக்கின்றன. கேடிஈ மொழிபெயர்ப்புகளோ அதற்கும் பழைய சப்வெர்ஷனில்தான் வெகுகாலம் வாழ்ந்தன. சப்வெர்ஷனில் கமிட் செய்ய இணைய இணைப்பும் உரிமையும் வேண்டும். எனவே ஒரு கமிட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவே இடைவெளி இன்னும் நீளம்.

மொழிபெயர்ப்பாளர் வேலை செய்யும் விதம் நிரலருடையதைப் போன்றதல்ல. 'கோப்புறையை அகற்று' என்று எழுதி, 'நீக்கு' என்று மாற்றி, நூறு வரி தாண்டியபின் முதலில் எழுதியதே மேல் என்று திரும்புவார். அந்த முதல் சொல் எந்தக் கமிட்டிலும் இருக்காது. நூறு வரிக்கு ஒரு கமிட், அதுவும் வேறொருவர் கையால். எடிட்டர் நகலால் அதிகம் பயனடையக்கூடியவர் இவர்தான். கமிட், ரெஃப்லாக், ஸ்டாஷ் என்ற சொற்களோடு பழக்கம் குறைந்தவரும் இவர்தான். தமிழில் கட்டற்ற மென்பொருளுக்கு ஆள் சேர்க்கும் பட்டறைகளில் கிட் கற்றுத் தருகிறோம். எடிட்டரின் நகல் அமைப்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வதில்லை. இது நம் குறை.

சரி, எப்படி அமைப்பது? ஈமேக்ஸ்காரர்களுக்கு நான் சொல்வது இது. முதலில் 'பேக்கப்-டைரக்டரி-அலிஸ்ட்' மாறியில், எல்லா நகல்களும் வீட்டுக் கோப்புறைக்குள் ஒரே இடத்துக்குப் போகும்படி வையுங்கள். அங்கே முழுப் பாதையும் கோப்புப் பெயராகிவிடும், சாய்கோடுகளுக்குப் பதில் ஆச்சரியக்குறி வரும். பார்க்க அசிங்கம், ஆனால் ஒரே பெயருள்ள இரு கோப்புகள் மோதிக்கொள்ளாது. .என்வி பொறியும் இதோடு தீர்ந்தது. அடுத்து 'விசி-மேக்-பேக்கப்-ஃபைல்ஸ்' மாறியை 'ஆம்' ஆக்குங்கள். குழப்பமான பெயர் கொண்ட அந்த 'வெர்ஷன்-கண்ட்ரோல்' மாறியையும் 'ஆம்' ஆக்கினால் நகல்கள் எண்ணிட்டு வரும். புதியவற்றில் எத்தனை, பழையவற்றில் எத்தனை என்று சொல்லும் மாறிகள் இயல்பாக இரண்டிரண்டு வைத்திருக்கும். புதியதைக் குறைந்தது இருபது ஆக்குங்கள். மீந்ததைக் கேட்காமல் அழிக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் வந்து அனுமதி கேட்கும். 'பேக்கப்-பை-காப்பியிங்' அமைப்பையும் போடுங்கள். இல்லையென்றால் ஈமேக்ஸ் மூலக் கோப்பையே நகலாகப் பெயர் மாற்றிவிட்டுப் புதிதாக ஒன்றை எழுதும். வன்தொடுப்பு வைத்திருக்கும் கோப்புகள் அதில் அறுந்துபோகும்.

கடைசி வரிதான் உயிர்நாடி, இதை விட்டால் மேலே சொன்னதெல்லாம் அலங்காரம். சேமிப்புக்கு முன் ஓடும் கொக்கியில், 'இந்தக் கோப்புக்கு நகல் எடுத்தாயிற்று' என்று ஈமேக்ஸ் தனக்குள் வைத்திருக்கும் குறியை அழிக்கும் ஒரு சிறு செயல்கூறைச் சேருங்கள். 'பஃபர்-பேக்ட்-அப்' என்பது அந்தக் குறியின் பெயர். அதை வெறுமை ஆக்கினால் ஒவ்வொரு சேமிப்பும் ஈமேக்ஸுக்கு முதல் சேமிப்பாகத் தோன்றும், ஒவ்வொன்றுக்கும் நகல் எடுக்கும். ஈமேக்ஸுக்குள்ளிருந்தே கிட்டை இயக்கும் மேகிட் பகுதியைப் பயன்படுத்துபவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. அதன் 'விப்' முறையை இயக்கினால் சேமிக்கும்தோறும் வேலையின் நிலை கிட்டுக்குள்ளேயே தனியான ஒரு குறிப்பில் பதியும், உங்கள் கிளை கலையாது. புதிதாக வந்திருக்கும் ஜுஜுத்சு என்ற பதிப்புக் கட்டுப்பாட்டு முறை இன்னும் ஒரு படி மேலே போய், கிட்டத்தட்ட எந்தக் கட்டளையைக் கொடுத்தாலும் முதலில் வேலைக் கோப்புறையைப் படம் பிடித்துவிட்டுத்தான் மற்றதைச் செய்கிறது. ஐடிஎஸ் காலத்தில் இயங்குதளம் செய்த வேலையை எடிட்டர் ஏற்றது, இப்போது எடிட்டரிடமிருந்து அதைப் பதிப்புக் கட்டுப்பாடு ஏற்க வருகிறது.

விம்காரர்கள் 'பேக்கப்'பைப் போட்டு, 'பேக்கப்டிர்' பாதையைத் திட்டத்துக்கு வெளியே காட்டி, அதன் முடிவில் இரட்டைச் சாய்கோடு வைத்தால் போதும். முழுப் பாதையும் பெயரில் சேரும். கூடவே அந்த மாற்ற மரத்தையும் போட்டுக்கொள்ளுங்கள், வரம்பைச் சொல்லிவிட்டேன்.

ஒரே இடத்தில் எல்லா நகலும் குவியும்போது அந்த இடமே பொக்கிஷமாகிவிடும் என்பதை மறக்கக்கூடாது. கிட்டிலிருந்து துப்புரவாக நீக்கிய சாவி அங்கே பழைய நகலில் தூங்கிக்கொண்டிருக்கும். அந்தக் கோப்புறை உங்களுக்கு மட்டும் திறக்கும்படி உரிமையை இறுக்குங்கள். அலுவலக மடிக்கணினியைத் திருப்பிக் கொடுக்கும்போது அதையும் நினைவாக அழியுங்கள்.

இத்தனையும் ஒரே வட்டில் நடக்கிற கூத்து என்பதையும் சொல்லியாக வேண்டும். லா காலேஜ் ரோட்டிலேயே 2003 ஜனவரி 8 அன்று திரைப்படக் கல்லூரி வளாகத்தின் கிடங்கில் தீப்பிடித்து, தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தின் பழைய நைட்ரேட் படச்சுருள்கள் எரிந்தன. ஓராண்டு ஆவதற்குள், 2004 ஜனவரி 5 அன்று, அதே ரோட்டில் பண்டார்கர் நிறுவனத்துக்குள் ஒரு கும்பல் புகுந்து நூல்களையும் சுவடிகளையும் நாசமாக்கியது. வேறு இடத்தில் பிரதி இருந்தவை பிழைத்தன. எடிட்டர் எடுக்கும் நகல் நம் விரலின் தவறுக்கு மட்டுமே மருந்து. தீக்கும் திருட்டுக்கும் வேறு வட்டு, வேறு கட்டடம், வேறு ஊர் வேண்டும். அது தனிக் கட்டுரைக்கான விஷயம்.

என் கணினியில் இந்த அமைப்பு நாலு வருடமாக ஓடுகிறது. நகல் கோப்புறையின் அளவை இதை எழுதும்போது பார்த்தேன்: 310 எம்பி. இதுவரை மூன்று முறை அதைத் திறந்திருக்கிறேன், மூன்றிலும் கிட்டில் இல்லாதது அதில் இருந்தது.